இடது ஓரத்துக் கிளிப்புகள்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்புகிற அந்தச் சலவை ஆலையில் அவளுக்குப் பீரங்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கூடைப்பந்து கைக்கு வந்தால் போதும், எங்கே நிற்கிறோம், எதிரே யார் மறிக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். பந்து வளையத்தை நோக்கிப் பறந்துவிடும். விழுந்தால் மைதானமே எழுந்து கத்தும். விழாவிட்டால், "அடுத்தது விழும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். விழவும் செய்யும். அப்படிப்பட்ட கை அது.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் மூன்று சின்னக் கோப்பைகள் நின்றன. தொழிலாளர் போட்டியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பது. மூன்று ஆண்டும் அவளேதான். பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன், அந்த மூன்றையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் தினமும் செருப்பை மாட்டுவான்.

ஆனால் ஜெயித்த அணிக்குக் கொடுக்கிற பெரிய கோப்பை, இரண்டு காது வைத்தது, அது மட்டும் ஒருமுறைகூட அந்த ஆலைக்கு வந்ததில்லை. மூன்று ஆண்டும் இறுதி ஆட்டத்தில் பஸ் டிப்போ பெண்களிடம் தோற்றார்கள். டிப்போக்காரர்கள் அதை விசாரணை ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்து, உள்ளே விளக்கு வேறு போட்டிருந்தார்கள். பஸ் ஏறப் போகிற யாரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. பீரங்கி அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் ஏறுவாள். அந்த நடை அவள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முழங்காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "இந்த வருஷம் ஆடிக்கோங்கம்மா. அதோட போதும்" என்று சொல்லிவிட்டார். இந்த ஆண்டு விட்டால் பெரிய கோப்பை இல்லவே இல்லை. அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

அதே அணியில் அவள் ஓரகத்தியும் இருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி; வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். உலர்த்தும் பிரிவில் வேலை, ஏப்ரன் பை நிறையக் கிளிப்பு, வாய் நிறையப் பேச்சு. முதல் ஆட்டத்திலேயே கால் பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்கார அவளுக்கு எங்கே தெரியும்?

இரண்டாவது ஆட்டம் முடிந்து பீரங்கி வியர்வையைத் துடைக்க வந்தபோது, பெஞ்சுக்குப் பின்னால் கம்பியில் வரிசையாகத் துண்டுகள் தொங்கின.

"என்னடி இது, இங்கேயும் துணி காயப் போட்டுட்டியா?"

"துணி இல்லக்கா, இது நம்ம டீம். ஆளுக்கு ஒரு துண்டு. எறிஞ்ச பந்து உள்ள போனா வலது ஓரத்துல ஒரு கிளிப்பு. போகலைன்னா இடது ஓரத்துல."

"என்னுது எது?"

"ஒரு பக்கமா சாஞ்சு தொங்குதே, அதுதான்."

பீரங்கி கிட்டே போய்ப் பார்த்தாள். வலது ஓரத்தில் எட்டுக் கிளிப்புகள், பார்க்க அழகாகத்தான் இருந்தன. இடது ஓரத்தில் இடமே இல்லை. கிளிப்புகளுக்குக் கீழே கறுப்பாக வேறு எதுவோ செருகியிருந்தது.

"இது என்ன?"

"ஹேர்பின். கிளிப்பு தீர்ந்துபோச்சுக்கா."

மற்றவர்கள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டார்கள். பீரங்கிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்கு நான் பதினாறு புள்ளி. இந்த டீம்ல வேற யாருடி பதினாறு எடுத்தா?"

"யாரும் இல்லக்கா. ஆனா முப்பத்தோரு தடவை எறிஞ்சா, கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்சாக்கூட நாலஞ்சு விழும்ல?"

"பிசகினது காலா இருக்கிறதுக்கு வாயா இருந்திருக்கலாம்!" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பீரங்கி நடந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வீடு. மேலே இவள், கீழே அவள். மூன்று நாள் படியில் பார்த்துக்கொண்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். புருஷன் ஆறுதல் சொல்ல வந்தான். "அவ கிடக்கா, விடு. மூணு கப்பு பேசுது பாரு."

"அது மூணும் நான் தோத்த நாள்ல குடுத்ததுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

நான்காம் நாள் தேய்ப்பு மேசையில் நின்றுகொண்டிருந்தாள். தேய்ப்புப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மேற்பார்வைக்காரம்மா வந்து, எத்தனை விரிப்பு தேய்த்தாய் என்று கேட்கமாட்டாள். எத்தனை திரும்பி வந்தது என்றுதான் கேட்பாள். சுருக்கத்தோடும் கறையோடும் திரும்பி வருகிறதே, அதுதான் கணக்கு. தன் மேசைக்குத் திரும்புவதுதான் ஆலையிலேயே குறைவு என்று பீரங்கிக்குத் தலைக்கனம் உண்டு. அந்த நினைப்போடு இஸ்திரியைத் தூக்கியவள், தூக்கிய கையோடு நின்றுவிட்டாள். விரிப்புக்குத் திரும்பினதை எண்ணுகிறோம். பந்துக்கு மட்டும் ஏன் போனதையே எண்ணிக்கொண்டிருந்தோம்? வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் எங்கே போனது? டிப்போக்காரிகள் கைக்குத்தான் போனது.

ஆனால் பீரங்கியா உடனே ஒத்துக்கொள்கிற ஆள்? அன்று இரவு மாடியிலிருந்து இறங்கிப்போய்ச் சின்னவள் கதவைத் தட்டினாள்.

"ஒருநாள் ஆட்டத்தை வெச்சு ஒருத்தியை எடை போடக்கூடாது. அன்னிக்குக் காத்து அடிச்சிருக்கும், கை வழுக்கியிருக்கும். எல்லா ஆட்டத்துக்கும் எண்ணு. கிட்ட நின்னு எறிஞ்சா நீலக் கிளிப்பு, தூரத்துல இருந்து எறிஞ்சா சிவப்பு. நல்லா எண்ணு. அப்புறம் பேசு."

"சரிக்கா. ஆனா கிளிப்பு பத்தாதே?"

"பெட்டியோட கொண்டுவரேன், போதுமா!"

தான் சொன்னதே சரி என்று காட்டத்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். ஆட்டம் ஏற ஏறத் துண்டு அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னது. நீலம் பாதிக்குப் பாதி வலது ஓரத்தில் நின்றது. சிவப்பு முக்கால்வாசி இடது ஓரத்தில் தொங்கியது. மழை நாளிலும் அப்படித்தான், வெயில் நாளிலும் அப்படித்தான். பழி போடக் காற்றுகூட மிச்சமில்லை.

இன்னொரு துண்டும் அவள் கண்ணில் பட்டது. மொத்தமே கொஞ்சம் கிளிப்புகள்தான்; ஆனால் ஏறக்குறைய எல்லாம் வலது ஓரத்தில். அது விரிப்பு மடிக்கிற பிரிவில் வேலை செய்யும் பெண்ணுடையது. வந்த இடமும் தெரியாது, போன இடமும் தெரியாது, அப்படியொரு சாது. வளையத்துக்கு அடியிலேயே நிற்பாள். அவள் கைக்குப் பந்து போனால் விழுந்துவிடும், போனால்தானே?

பந்து போகாததற்குக் காரணம் பயிற்சியாளர். ஆலையின் பாய்லர்காரர்தான் பயிற்சியாளர். விசில் அவரிடம் இருந்தது என்பதால். அவருக்குத் தெரிந்த வியூகம் ஒன்றே ஒன்றுதான்: "பந்தைப் பீரங்கிகிட்ட குடுங்க!"

"அண்ணே, இனிமே பந்தை மடிப்புக்காரிகிட்ட குடுக்கச் சொல்லுங்க" என்றாள் பீரங்கி.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏம்மா, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லண்ணே, கணக்கு."

சொல்வது சுலபம். முதல் வாரம் பந்தைக் கைமாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், பல் பிடுங்கியது போல முகத்தை வைத்துக்கொண்டாள். இருந்தாலும் கொடுத்தாள். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. அதுவும் மூச்சு வாங்காமல் ஜெயித்தது. அப்படியே இறுதி ஆட்டத்துக்கும் வந்தார்கள். எதிரே அதே டிப்போ.

டிப்போவின் நட்சத்திரம் ஒரு நெட்டை நடத்துநர். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிற ஆள். பீரங்கி சின்னவளை டிப்போ ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தாள். அவள் ஒரு புதுத் துண்டோடு திரும்பி வந்தாள்.

"பாருக்கா. கிட்ட வந்தாள்னா தடுக்கவே முடியாது, நீலம் மொத்தமும் வலது பக்கம். ஆனா இடது மூலையில தூரமா நின்னு ஒண்ணு எறியறா. பத்துல ரெண்டுதான் விழுது. அப்புறமும் அங்க இருந்துதான் எறியறா."

"ஏன் எறியறா தெரியுமா?" என்றாள் பீரங்கி. துண்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ரெண்டு விழும்போது ஜனங்க கத்துறாங்க பாரு, அந்தச் சத்தத்துக்கு. இவ வேற யாரும் இல்லடி. நானேதான்!"

இறுதி நாள் மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. முதல் பாதியில் டிப்போ முன்னால் போயிற்று. பீரங்கி எறியப்போகிறாள் என்று இரண்டு பேர் அவளையே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "போடு பீரங்கி! போடு!" என்று ஆலைக்காரர்கள் கத்தினார்கள், அவர்களில் உரத்த குரல் அவள் புருஷனுடையது. கை துறுதுறுத்தது. பந்தை மடிப்புக்காரியிடம் தள்ளினாள். விழுந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி விழுந்தது.

இரண்டாம் பாதியில் நெட்டையாளைத் தானே காவல் காக்கப்போவதாகச் சொல்லிப் போய் நின்றாள். நெட்டையாள் இடது மூலையிலிருந்து எறிந்து ஒன்று விழுந்ததும், பீரங்கி வாயைப் பிளந்தாள்.

"அடேங்கப்பா! என்ன கைங்க உங்களுக்கு! அங்க இருந்து போட்டா யாரால தடுக்க முடியும்?"

நெட்டையாளின் மூக்கு நுனியில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அடுத்த தடவையும் அங்கிருந்தே எறிந்தாள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. "சே, ஒரு நூல்ல போச்சு! அடுத்தது விழும் பாருங்க" என்றாள் பீரங்கி. அந்த வார்த்தைக்கு எத்தனை ருசி என்று அவளை விட வேறு யாருக்குத் தெரியும்? நெட்டையாள் எறிந்துகொண்டே இருந்தாள். திரும்பிய பந்தெல்லாம் ஆலைக்காரிகள் கைக்கு வந்தது. ஒவ்வொன்றாய்ப் புள்ளி நெருங்கி, கடைசியில் ஆலை ஒரு புள்ளி முன்னால் நின்றது.

ஆட்டம் முடிகிற தறுவாயில் பந்து இடது மூலையில் நின்ற நெட்டையாள் கையில். வளையத்துக்கு அடியில் அவள் தோழி ஒருத்தி தனியாக நின்று கையை நீட்டினாள். பந்து அங்கே போனால் முடிந்தது கதை. பீரங்கி அந்த வழியை உடம்பால் அடைத்து நின்றாள். எறிகிற வழியைத் திறந்துவிட்டு அரையடி பின்னால் போனாள்.

"ஏய், கிட்டப் போ! மேல போய் மறி!" என்று பாய்லர்காரர் விசிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினார்.

பீரங்கி போகவில்லை. பத்தில் இரண்டு விழும். அந்த இரண்டில் ஒன்று இதுவாக இருந்தால்? இருந்தும் நின்ற இடத்தை விடவில்லை. "போடுங்க. அதுதான் உங்க இடம்" என்றாள் மெதுவாக.

நெட்டையாள் போட்டாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது. வெளியே விழுந்தது. மடிப்புக்காரி அதைக் குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது.

சின்னவள் கட்டுப் போட்ட காலோடு ஓடி வந்து பீரங்கி கழுத்தில் தொங்கினாள். பாய்லர்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகப் புள்ளிக்கான சின்னக் கோப்பை அந்த ஆண்டு நெட்டையாளுக்குப் போனது. எல்லோரையும் விட ஓங்கிக் கை தட்டியது பீரங்கிதான். கோப்பையோடு வந்த நெட்டையாள் அவளை உற்றுப் பார்த்தாள். "அந்த மூலையைப் பத்தி நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"என் ஓரகத்திகிட்ட உங்க துண்டு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்றாள் பீரங்கி. "கப்பை ஃப்ரிட்ஜ் மேல வைங்க. கிளிப்பு போட்டு வைக்க நல்லா இருக்கும்."

அன்று அவள் அடுத்த நிறுத்தம்வரை நடக்கவில்லை. பெரிய கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக டிப்போவுக்கே போனாள். கண்ணாடி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது; உள்ளே வட்டமாக ஒரு தூசித் தடம் மட்டும். அதை ஆற அமர நின்று பார்த்தாள். பிறகு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிவிட்டு, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேறொரு நடத்துநர் வந்து கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணா, ரெண்டா?"

"இதுக்கும் சேர்த்து ரெண்டு குடுங்க" என்றாள் பீரங்கி. "உக்காந்துதானே வருது."