நன்னாரி முத்து

ஊசியில்லாத சிரிஞ்சை முழங்கை உயரத்தில் பிடித்து, மூச்சை அடக்கி, "எறங்குடா கண்ணு, மெதுவா" என்று கொஞ்சித்தான் ஒவ்வொரு சொட்டையும் விடுவார் உமைர். நன்னாரி சர்பத், கொஞ்சம் கால்சியம் தூள் கலந்தது. கீழே கடற்பாசி மாவு கரைத்த தண்ணீர். இரண்டும் தொட்டதும் சொட்டைச் சுற்றி மெல்லிய தோல் கட்ட வேண்டும். உள்ளே சர்பத் சர்பத்தாகவே இருக்க வேண்டும். அந்த முத்துகளை அள்ளி ரோஸ்மில்க்கில் போட்டால், குடிக்கிறவர் வாயில் பட்டென்று நன்னாரி உடையும்.

ஷார்ஜா ஹோட்டலில் ஒன்பது வருடம் இதே வேலை. மரக்காணத்தில் கடை போட்டு இரண்டு வாரமாகியும் ஒரு முத்துகூட உருளவில்லை. சொட்டு விழுமுன்பே பாசித் தண்ணீர் கஞ்சியாய்த் திரண்டுவிடும். மாவைத் திட்டினார், மின்விசிறியைத் திட்டினார், கடைசியில், தினமும் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும் என்னையும் விடவில்லை. "நீங்க பாத்துக்கினே இருந்தா அது வெக்கப்படுது சார்." தலையெழுத்தே என்று நானும் திரும்பி நின்றேன்.

பழைய முதலாளி விசா அனுப்பிவிட்டார். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் மிக்சி பக்கத்திலேயே கிடந்தது. மனைவி ஹசீனா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். ஒன்பது வருடத்தில் கணவரோடு உட்கார்ந்து நோன்பு திறந்தது இரண்டே ரமலானில்தான்.

வியாழன் காலை ஹசீனா பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணிங்க இது?"

"போர் தண்ணிதான்."

"அதுல பருப்பே வேகாது. சோப்பு போட்டா நொரை வராது. உங்க பாசி மட்டும் சொன்ன பேச்சு கேக்குமா?"

உமைர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஷார்ஜாவில் குழாயில் வந்தது உப்பு நீக்கிய தண்ணீர். இங்கே போர் தண்ணீரிலேயே கால்சியம் கரைந்து கிடக்கிறது; சொட்டு விழுமுன்பே பாசியைத் திரட்டுவது அதுதான். பருப்பு வேகவைக்கும் மனைவியை முதல் நாளே கேட்டிருக்கலாம், மனுஷன்!

கேன் தண்ணீரில் புதிதாய்க் கரைத்தார். முதல் சொட்டு உருண்டது. இரண்டாவதும் உருண்டது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியவர், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். அப்பாடா என்று எனக்கே இருந்தது.

முதல் டம்ளர் ஹசீனாவுக்கு. ஒரு முத்தைக் கடித்துப் பார்த்தார்.

"இனிப்பு தூக்கலா இருக்குது" என்றார்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். ஈ மொய்க்காமலிருக்க, மிக்சி பக்கத்தில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து அதன்மேல் வைத்து மூடினார்.