பூட்டிய பக்கவாட்டுக் கேட்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் பங்குக் கோயிலுக்கு எதிரே, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. முதல் சில நாள் பக்கவாட்டுக் கேட் வழியாக வந்து எங்கள் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கத்தின் நடுவே வெளியே மைக்கில் கோஷம் எழுந்தது. அன்றே கோயில் நிர்வாகக் கமிட்டியான பங்குப் பேரவை கூடியது.

"அவங்க கேக்கறது நியாயமாவே இருக்கட்டுங்க. கோயில் அமைதி போகுதுல்ல?" என்றார் ஒருவர்.

பங்குத்தந்தை தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். அவரிடம் போனில்கூட நாங்கள் கேட்கவில்லை. கேட்டைப் பூட்டுவதென்று முடிவானது. பேரவைச் செயலாளர் நான். 'வழிபாட்டுக்கு வருவோர் மட்டும்' என்று அட்டையில் எழுதி மாட்டியதும், கேட்டைப் பூட்டியதும் நான்தான்.

மறுநாள் மத்தியானம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும்.

"சார், அவசரங்க. போயிட்டு உடனே வந்துடறேன்."

"கமிட்டி முடிவும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"இந்தக் கோயில்லதாங்க எனக்குக் கல்யாணமே நடந்தது."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஃபாதர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள். புடவை நனைந்து, காலடிச் சிமெண்டில் ஈரம் பரவியது. நான் திரும்பி நடந்தேன். ஓடினேன் என்பதுதான் உண்மை.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து பந்தலில் இருந்தவர்களைக் கைதுசெய்து பஸ்களில் ஏற்றி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது. சாயங்காலம் ஊர் திரும்பிய பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையைக் கழற்றிவிட்டு, "வண்டிய எடுங்க, போவோம்" என்றார். காவிரிப் பாலம் தாண்டிப் போனோம்.

மண்டபத்தில் எல்லோர் முன்பும் அவர் கைகூப்பினார். "கோயில் உங்களுக்குக் கதவ சாத்தியிருக்கக் கூடாதுங்க. மன்னிச்சிடுங்க."

அவள் யாரோ கொடுத்த வேறு புடவையில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அருகில் போய் நின்றேன்.

"பரவாயில்லைங்க சார். எங்களுக்குப் பழக்கந்தான்" என்று அவளே சொன்னாள்.

அவர்களை விடுவித்ததும் பந்தல் மறுபடி எழுந்தது. இந்த முறை கேட் நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. கோயில் குழாயிலிருந்து குடிதண்ணீரும் போனது. மற்ற பெண்கள் வந்தார்கள். அவள் மட்டும் வெயிலில் தெருக்கோடிப் பெட்ரோல் பங்க் கழிப்பறை வரை நடந்து போய்வந்தாள். தினமும் பார்த்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கிடைத்தது. ஆனாலும் மார்க்கெட்டிலோ பஸ்ஸிலோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல் "சார்" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.