வாய் வைத்த வலை

பேத்தி ஏதோ சண்டை விளையாட்டு அட்டையை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் தானே காய் நகர்த்துகிறாள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் தனக்கு எதிராகத் தானே ஆடும் அந்த ஆட்டம் தெரியும். சிறு வயதில், எங்கள் மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில், ஆடுபுலி கற்ற புதிதில் என்னை யாரும் சேர்க்கவில்லை. மணலில் கோடு கிழித்து, மட்டி ஓடுகளை ஆடாகவும் நண்டுக் கால்களைப் புலியாகவும் வைத்து நானே இரு பக்கமும் ஆடினேன். தன்னை ஜெயித்தால் மீன்பிடிக்கப் போகும் படகில் ஏற்றிப் போவதாக என் நைனா சொல்லியிருந்தார். பெண்பிள்ளையை யார் ஏற்றுவார்கள்? ஆடுகள் சூழ்ந்து புலியை மடக்க வேண்டும். என் புலியோ ஒவ்வொரு முறையும் தப்பியது. நைனா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாடி, ஆட்டையெல்லாம் வலை மாதிரி சுத்தி வச்சிட்டு ஒரு பக்கம் வாய் உட்டுக்கிறே? வலையில வாய் உட்டா மீன் உள்ள வரும். இங்க உட்டா புலி வெளிய பூடும்."

மறுநாள் நைனாவோடு ஆடி, வாயை அடைத்து அவருடைய மூன்று புலிகளையும் மடக்கினேன். அவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "காலைல சோத்த ரெண்டு தூக்குல கட்டு."