கலைமதி, 1987 முதல்

என் தங்கை மீனம்பாளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் நாலு முறை கேட்காமல் எழுத மாட்டாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர்கூட, அப்பா பேருக்கு இனிஷியல் ஒன்றா இரண்டா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பதில் வெறுத்துப்போய்ப் பக்கத்து சென்டருக்கு இறங்கிவிடுவார். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலை டிரிப்புக்கும் சாயந்திர டிரிப்புக்கும் நடுவே அங்கே ஃபேனுக்கடியில்தான் கிடப்பேன். அதனால் இதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் தன் வம்சத்தை மரமாகப் போட்டுத் தரச் சொன்னார். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கினாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம். பெற்ற பிள்ளை என்றால் நேர்கோடு, எடுத்து வளர்த்த பிள்ளை என்றால் புள்ளிக்கோடு. ஒருவருக்குப் பேர் மாறியிருந்தால், எந்தப் பேர் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று எழுதத் தனியாக இடம் உண்டு.

"இதுக்குக்கூட எடம் வெச்சிருக்காங்கண்ணா" என்று ஆச்சரியப்பட்டாள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன், 'உம்' கொட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பிறகு அது பரவிவிட்டது. கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், எதற்கானாலும் வம்ச மரத்தை ஃப்ளெக்ஸில் அடித்து வாசலில் கட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் புள்ளிக்கோடு இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்திருப்பான், அக்கா பிள்ளையைத் தங்கை எடுத்திருப்பாள். பத்திரமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஊருக்கே தெரியும், வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கேதான் அவள் ஒருமுறை மாட்டிக்கொண்டாள். தொண்டூரில் ஒரு கிரகப்பிரவேசம். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி, வெற்றிவேல் என்ற காலேஜ் பையனுக்குப் புள்ளிக்கோடு போட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது அவனுக்கு மட்டும் தெரியாது. பந்தி நடக்கும்போது படத்துக்கு முன்னால் போய் நின்று, "எனக்கு மட்டும் ஏன் கோடு வேற மாதிரி இருக்குது?" என்று கேட்டானாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தார்களாம்.

மறுவாரம் அவன் அம்மா சென்டருக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "சென்னைக்குப் பூட்டாம்மா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை. மீனம்பாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே சட்டம். புள்ளிக்கோடு போட வேண்டுமானால் வளர்த்தவரும் வளர்ந்தவரும் அவளுக்கு நேராகச் சம்மதம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

இவ்வளவு பேருக்கு அலைந்தவளின் கதையே ஒரு புள்ளிக்கோட்டுக் கதைதான். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, அவலூர்பேட்டையிலிருந்து அம்மாவின் தங்கை கமலாம்பாள் வந்து அவளை எடுத்துப் போனார். சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லை. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிறு திறக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கலைமதி என்று புதுப் பேர் வைத்து, அந்தப் பேரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மீனம்பாளும் சின்னம்மாவை அம்மா என்றாள், பெற்றவளைப் பெரியம்மா என்றாள்.

சொல்லி வைத்தபடியே வயிறு திறந்தது. இளவழகன் பிறந்த மூன்றாம் மாதம், சின்னம்மாவின் மாமியார், "வந்த வேல முடிஞ்சிதில்ல, கொண்டும்போய் உட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். நைனா அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் பேரைப் பழையபடி மாற்றினார். இனிமேல் அம்மாவைச் சின்னம்மா என்று கூப்பிடு, பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடு என்றார்கள். அவள் ஒரு வருஷம் யாரையும் எப்படியும் கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று தட்டுதான் இருந்தது. நான் சாப்பிட்டுக் கழுவிய தட்டில்தான் அவளுக்குச் சோறு. வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிடுவேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அறியாத வயது என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன், அறிந்துதான் செய்தேன். பேர் சொல்லியும் கூப்பிட மாட்டேன். 'ஏய் அவலூர்பேட்டைக்காரி' என்பேன்.

கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்தும் நாலு வருஷத்தில் திரும்பி வந்தாள். அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

போன வருஷம் நைனாவின் நினைவு நாளுக்கு எங்கள் வம்சத்தைப் போடச் சொன்னேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவள் பேரை அமுக்கிப் பார்த்தேன். மீனம்பாள். அதற்குக் கீழே, கலைமதி, 1987 முதல் 1993 வரை. அதற்கும் கீழே, அவலூர்பேட்டைக்காரி, 1993 முதல் 2004 வரை. 2004 அவளுக்குக் கல்யாணமான வருஷம். நான் அப்படிக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை, அவளுக்கு இருந்திருக்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சின்னம்மா கட்டத்துக்குக் கீழே இளவழகன் மட்டும் இருந்தான்.

"இங்க உன் கோடு எங்க?" என்றேன்.

"கேட்டுத்தானே போடணும்."

"ஊருக்கெல்லாம் போய்க் கேக்கற. இங்க கேக்க இன்னா?"

"இல்லன்னு சொல்லிட்டா?" என்றாள். "ஒருதரம் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொருதரம் என்னால முடியாதுண்ணா."

அந்த ஆறு வருஷம் தான் ஒருத்திக்கு மகளாக இருந்தோம் என்று ஒரு கோடு வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான். விடாமல் நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். மடியில் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வந்தாள்.

சின்னம்மா வாசலில் நாற்காலி போட்டு மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரையில் கால் விரல் இரண்டை எடுத்திருந்தார்கள். மீனம்பாள் திரையைக் காட்டி விளக்கினாள். பிறகு, "உங்க பேருக்குக் கீழ எனக்குக் கோடு போட்டுக்கட்டுமா, சின்னம்மா?" என்று கேட்டாள்.

சின்னம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார்.

"வாணாம். திருப்பிக் கொண்டாந்து உட்டவ நானு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு உன் ஆத்தான்னு எழுதிக்கறது? அது எங்க அக்காவுக்கே இருக்கட்டும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவளே வந்து கேக்கறா இல்ல!" என்று கத்தினேன். மீனம்பாள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடப் போனாள்.

"கலைமதின்னு அதுல எங்கனா இருக்குதா?" என்றார் சின்னம்மா.

"இருக்குது. எம்பத்தேழு முதல் தொண்ணூத்தி மூணு வரைக்கும்."

"வரைக்கும்னா?"

"அதோட முடிஞ்சிது, சின்னம்மா."

"யாரு முடிச்சது?" என்றார் சின்னம்மா. "உன்ன உட்டுட்டு வந்த நாள்லேர்ந்து, வெளக்கு வெக்கும்போது எங் கலைமதி நல்லா இருக்கணும்னு சொல்லாத நாளு இல்ல. இளவழகனக் கேளு. உனுக்கு முடிஞ்சிருக்கலாம். எனுக்கு முடியல."

மீனம்பாள் 1993-ஐ அழித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஆனாலும் கோட்டுக்கு மட்டும் சின்னம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

கார்த்திகையில் அவர் இறந்துபோனார். அஞ்சலி பேனரில் மகன், மருமகள், பேரன்கள் பேர் இருந்தது. மீனம்பாள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்றிருந்தாள்.

மறுநாள் சென்டரில் சின்னம்மாவின் கட்டத்தில் இறந்த தேதியை எழுதினாள். "இனிமே யாரக் கேக்கணும்? கோட்டப் போட்டுடு" என்றேன்.

"கேட்டாச்சுண்ணா. வாணாம்னுட்டாங்க."

தன் கட்டத்துக்குப் போனாள். கலைமதி, 1987 முதல். அதற்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அந்தப் பேரைச் சொல்ல இனி ஆளில்லை, வருஷத்தை எழுதி முடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீ கூப்புடுவியாண்ணா?"

கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.