ஆராதனை தவறாதவன்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். குடியிருந்தது ஆவடியில். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதே இல்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். பாடகர் குழுவில் கடைசி வரிசை, மாதம் ஒருமுறை வேத வாசிப்பு. நீ உண்மையில் கிறிஸ்தவன்தானா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அப்படி இருந்த என்னை இன்று நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

வார்ப்புகளைத் தூக்கும் சங்கிலியை வாரம் ஒருமுறை கண்ணி கண்ணியாகப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் வேலை. பார்க்காமலே போடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை சங்கிலி அறுந்து, கீழே நின்ற ஹெல்பரின் வலது பாதத்தில் வார்ப்பு விழுந்தது. வெள்ளானூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று விரல்கள் போயின.

அவர் சங்கிலியைத் தப்பாக மாட்டினார், நான் எச்சரித்தும் கேட்கவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். எழுத உதவியவர் எங்கள் சபையின் மூப்பர். தொழிற்சாலையில் எனக்கு மேலாளரும் அவர்தான். ‘எச்சரித்தும்’ என்ற சொல் அவர் போட்டுக் கொடுத்தது.

அந்த ஞாயிறு, காயம்பட்டவருக்காகச் சபையில் ஜெபித்தோம். ஜெபத்தை நடத்தியது நான். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. அதுதான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. பிறகு அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வெள்ளானூருக்குப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“கம்பெனிலேர்ந்து ஒருத்தரும் வர்ல சார். நீங்க ஒருத்தர்தான் வந்துகீறீங்க.”

அவர் கிறிஸ்தவர் இல்லை. இருந்தாலும் “ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்டு அவர் தலையில் கை வைத்தேன். அவர் மனைவி கைகூப்பி நின்றார்.

கவனக்குறைவு என்று ஃபைலில் எழுதி அவரைக் கேன்டீனுக்கு மாற்றினார்கள். தொண்ணூறுகள் வந்தன. கரையான்சாவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் நானும் கை தூக்கி அழுதேன். மனந்திரும்பிவிட்டதாகச் சபையில் சாட்சி சொன்னேன். மறுநாள் காலையில் ரிஜிஸ்டரில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் கேன்டீனிலிருந்து டீ கொண்டுவந்து என் மேஜையில் வைத்த வெள்ளானூர்க்காரர் நகராமல் நின்றார்.

“சார், பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேசன். அன்னிக்கு எனுக்குப் பண்ண மாரி ஜெபம் பண்ணுங்க சார். நீங்க சொன்னா உங்க சாமி கேக்கும்.”

ஜெபிக்காமலே அவரை அனுப்பினேன். அவர் போனதும் கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். சங்கிலி அறுந்த அன்று நடந்ததை மத்தியானம் அப்படியே எழுதி மூப்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தம்பி, ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்கல்ல? அவர் மன்னிச்சிட்டார். ஆபீசுக்கு எதுக்கு இது? சபைக்குத்தான் கெட்ட பேரு.”

“அந்த மனுஷன்கிட்ட இன்னும் சொல்லலையே அண்ணே.”

“அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. விடுங்க.”

காகிதத்தைத் திரும்ப வாங்கி நேராக நிர்வாக அலுவலகத்தில் கொடுத்தேன். ஆபரேஷன் முடிந்து வெள்ளானூர்க்காரரின் மகள் நல்லபடியாக வீடு திரும்பிய பிறகு அங்கே போய் அவரிடமும் சொன்னேன். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“என் தலமேல கைய வெச்சியே, அப்பவே தெர்யுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“போய்டு. இனிமே என் ஊட்டாண்ட வராத.”

அவர் ஃபைலில் இருந்த குறிப்பை நீக்கினார்கள். என்னை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்து, பிறகு ஸ்டோர்ஸில் கிளார்க்காக இறக்கினார்கள். பாடகர் குழுவிலிருந்தும் வேத வாசிப்பிலிருந்தும் மூப்பர் என்னை நிறுத்தினார். என் சாட்சி, அதாவது விசுவாசி என்ற நல்ல பேர், கெட்டுவிட்டதாம். பொய்யோடு நான் பாடிய அத்தனை வருஷமும் அது கெடவில்லை. மூப்பர் மட்டும் எப்போதும்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் சில ஞாயிறுகள் போகாமலே இருந்தேன். வீட்டில் தனியாக முழங்காலில் நின்றாலும் ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

வேலையை விட்டுப் போகும்வரை அந்த வெள்ளானூர்க்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. எனக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று, அப்படிப் பட்டதை வைத்துத்தான் நம்பினேன்.