அவிழ்க்காத சாமான்

அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒருவர் பொதியொன்றை என் காலடியில் வைத்து, “தம்பி, சாமான், பாத்துக்கங்க” என்று தேத்தண்ணி குடிக்க இறங்கினார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

சுனாமி அடித்த கிழமை சம்மாந்துறையில் எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு சாக்கு வந்தது; வீட்டில் வாப்பா, உம்மா, நான் இருந்தோம். சாக்குக்குச் சொந்தக்காரரான சிவராசா மாமா அங்கே இல்லை. வாப்பாவோடு மீன் விற்றவர்; கடலோர வீடு போனதால் சாக்கை வாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு முகாமுக்குப் போயிருந்தார்.

“என்ன இது?” என்றார் உம்மா.

“சாமான்.”

எங்கள் பக்கம் நிவாரண அரிசியும் சாமான், கல்யாண நகையும் சாமான், சுடுகிற துவக்கும் சாமான். சாக்கு பாரமாக இருந்தது; எண்ணெய் மணத்தது.

“அவிழ்த்துப் பாருங்களேன்.”

“அமானிதம் புள்ள, நம்பித் தந்த பொருள். அவன்தான் அவிழ்க்கணும்.”

“ஆமிக்கும் அமானிதமெண்டா சொல்லுவீங்க?”

மறுபடி சண்டை மூண்டு, ஆமி துவக்குத் தேடி வீடு வீடாக வரத் தொடங்கியதும், வாப்பா அதை அவிழ்க்காமலே ஆற்றில் போட்டார்.

யுத்தம் முடிந்து சிவராசா மாமா வந்து, வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். “காக்கா, அந்தத் தையல் மெசின் கிடக்கா? மகள் கேக்கிறாள்.”

அடுத்த கிழமை வரச் சொல்லி வாப்பா அவரை அனுப்பியபின் உம்மா, “மெசினெண்டு நாம கண்டமா?” என்றார்.

“துவக்கெண்டும் காணல்லயே” என்றார் வாப்பா.

உம்மா காப்பைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்தார். புது மெசின் இருபத்தெட்டாயிரம் ரூபா.