ஐந்து தீக்குச்சிகள்

சத்தியபாமாவுக்குக் கணக்கென்றாலே காய்ச்சல் வரும். வாய்த்த புருஷனோ கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஹாலிஎலையில் வாடகைக்கு இருந்த கனகசுந்தரம், "உமக்கு விரல்விட்டு எண்ணத்தான் சரி" என்று அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பார்.

1993இல் ஒருநாள், அவர் போன பண்டாரவளை பஸ்ஸை மறித்துச் சோதித்த பொலிசார் அவருடைய கொப்பியைப் பிரித்தார்கள். 'ரேடிக்ஸ் என்றால் வேர். எண்முறைக்கு அடி, சமன்பாட்டுக்கு மூலம்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கங்களில் எல்லாம் ஒன்றும் பூச்சியமும். எந்த எண்ணையும் ஒன்றாலும் பூச்சியத்தாலும் மட்டுமே எழுதும், பிள்ளைகளுக்கான அடி இரண்டுப் பாடம் அது. ரகசியத் தகவல் என்று முடிவுகட்டி, ரேடிக்ஸ் யார் என்று கேட்டு அவரை இழுத்துப் போனார்கள். அறிவுகெட்ட சனம்!

அந்தக் கணக்கை விளங்கிக்கொண்டு போய்ச் சொல்ல, அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த பாடநூலோடு சத்தியபாமா மூன்று நாள் மல்லுக்கட்டினாள். சோறு கருகியது. நாலு வயது மயூரி பசியில் கத்தினாள். நாலாம் நாள் காலை பொலிசுக்குப் போய், அதிகாரியின் மேசையில் ஐந்து தீக்குச்சிகளை வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ ஐயா. நாலு குச்சிக் கட்டு ஒண்டு. ரெண்டு குச்சிக் கட்டு இல்லை. தனிக்குச்சி ஒண்டு. ஒண்டு, பூச்சியம், ஒண்டு. இது வெறும் அஞ்சு ஐயா."

கான்ஸ்டபிள் ஸரூக் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி ஆறு குச்சி வைத்துத் தானே செய்து பார்த்தார். சரியாக வந்ததும் சிரித்தார். சத்தியபாமாவும் சிரித்துவிட்டாள். ஸரூக் சிரிக்கவில்லை.

"ஐயாக்கு வெளங்கிச்சி தங்கச்சி. ஆனா மாஸ்டர நேத்தே கொழும்புக்கு அனுப்பிட்டாங்க."

ஒரு நாள் முந்தி விளங்கியிருந்தால் கையோடு கூட்டி வந்திருக்கலாமே! மக்கு, மக்கு என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கும் அந்த மூன்று நாளை அவளால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கனகசுந்தரம் வந்தார். பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. கேலியும் இல்லை.

2005இல் மயூரி, "அப்பா, இந்த அடி இரண்டுக் கணக்கு…" என்று கொப்பியை நீட்டினாள். ஒன்றையும் பூச்சியத்தையும் கண்டவர் எழுந்து, சுவரைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தினார்.

"எனக்கொண்டும் தெரியாது ஐயா."

சத்தியபாமா அந்தக் கைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். பிறகு மகளைக் குசினிக்குக் கூட்டிப்போய்த் தீப்பெட்டியை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.